இடநெருக்கடியில் பாலிமர் சங்கிலிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்கு வடக்கே திருவொற்றியூர் முதல் மேற்கே ஒரகடம் வரை டயர் ஆலைகள் இருக்கின்றன. கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் சிப்பெட் நிறுவனம் இருக்கிறது, குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பத் துறை இருக்கிறது. அதனால் இந்த ஊரில் பாலிமரைப் பற்றிக் கேள்வி கேட்பவர்களுக்குப் பஞ்சமில்லை. நானோமீட்டர் அளவிலான இடுக்கில் அடைபட்ட பாலிமர், அதாவது சிறு அலகுகள் கோத்த நீண்ட மூலக்கூறுச் சங்கிலி, என்ன வடிவில் இருக்கும், எப்படி அசையும் என்று மாணவர்களும் ஆலைப் பொறியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எவ்வளவு குறுகினால் ‘அடைபட்டது’ என்று சொல்லலாம்?

சங்கிலியின் சொந்த அளவோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். மூலக்கூறு எடை ஒரு லட்சம் உள்ள பாலிஸ்டைரீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறைய 960 ஸ்டைரீன் அலகுகள் கோத்திருக்கும். இழுத்து நீட்டினால் 240 நானோமீட்டர் வரும். ஆனால் யாரும் இழுக்காதபோது அது சுருண்டுதான் கிடக்கும். உருகிய நிலையில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே சராசரியாக 20 நானோமீட்டர்தான். ஆகவே ஒரு மைக்ரான் தடிமனுள்ள படலத்தில் அந்தச் சங்கிலிக்குத் தாராளமாக இடம் உண்டு. 20 நானோமீட்டர் படலத்தில் நெருக்கடி தொடங்கிவிடும்.

இது வடிவத்துக்கான கணக்கு மட்டுமே. அசைவுக்கான அளவுகோல் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிக் கேள்விகள் பிறக்கின்றன.

சங்கிலி ஏன் சுருண்டு கிடக்கிறது?

நேராக நிற்க ஒரே ஒரு வழிதான் உண்டு. சுருண்டு கிடக்கக் கோடிக்கணக்கான வழிகள் உண்டு. எத்தனை வழிகளில் இருக்க முடியும் என்பதை அளக்கும் என்ட்ரோபி சுருளின் பக்கம் நிற்கிறது. உருகிய பாலிமரில் சுருளின் அளவு, அலகுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் போல வளரும். நல்ல கரைப்பானில் சங்கிலி தன் மேல் தானே ஏற முடியாமல் சற்று உப்புவதால், வர்க்கமூலத்துக்குரிய 0.5 என்ற அடுக்கு 0.588 ஆக உயரும். இதை முதலில் 0.6 என்று கணக்கிட்டவர் பால் ஃபுளோரி. 1974-இல் வேதியியல் நோபல் பெற்றவர்.

இரு சுவர்களுக்கு நடுவே வைத்தால் சுருள் நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்குமா?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் படம் இதுதான். உருகிய பாலிமரின் மெல்லிய படலத்துக்கு இது பொருந்தாது.

1982-இல் சில்பர்பெர்க் ஒரு வாதத்தை முன்வைத்தார். சங்கிலியின் பாதை ஒரு தற்செயல் நடை. சுவரில் முட்டும் இடத்தில் அந்தப் பாதை திரும்பிவிடுகிறது, அவ்வளவுதான். மேல்–கீழ் திசையில் மட்டுமே அது திருப்பிவிடப்படுகிறது. இடம்–வலம், முன்–பின் திசைகளில் எடுக்கும் அடிகளுக்கும் சுவருக்கும் தொடர்பில்லை. ஆகவே படலத்தின் தளத்தில் சங்கிலியின் பரப்பு மாறாமல் இருக்க வேண்டும். தடிமன் திசையில் மட்டும் அது குறுக வேண்டும்.

இதைச் சோதிப்பது எளிதல்ல. ஒரே மாதிரியான கோடிச் சங்கிலிகளுக்கு நடுவே ஒன்றை மட்டும் எப்படிப் பார்ப்பது? சில சங்கிலிகளில் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டிரியத்தை வைத்துத் தயாரித்தால், வேதியியல் கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்று. நியூட்ரான் கற்றைக்கு மட்டும் அவை வேறு வேறு. 1999-இல் ஜோன்ஸ், சனத் குமார், ஹோ, பிரைபர், ரசல் ஆகியோர் மிக மெல்லிய பாலிஸ்டைரீன் படலங்களை இப்படி நியூட்ரான் சிதறல் மூலம் அளந்தார்கள். படலத் தளத்தில் சங்கிலியின் அளவு பெருநிலையில், அதாவது தடித்த கட்டியில், இருந்தது போலவே இருந்தது. இவர்களில் சனத் குமார் சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்தவர்.

இதற்கு ஒரு பக்க விளைவு உண்டு. தடிமன் குறைகிறது, பக்கவாட்டுப் பரப்பு கூடுவதில்லை. அப்படியானால் ஒரு சங்கிலி பரவிக் கிடக்கும் கனஅளவே சுருங்குகிறது. அதற்குள் நுழைந்து பின்னிக்கொள்ளும் அண்டைச் சங்கிலிகளும் குறைகின்றன. சிக்கல்கள், அதாவது ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட இடங்கள், மெல்லிய படலத்தில் குறையும். இந்த விளைவுக்குக் கீழே மீண்டும் வேலை இருக்கிறது.

குறுகிய குழாயில் டி.என்.ஏ. நீள்கிறது என்கிறார்களே? முந்தைய பதிலோடு முரண்படுகிறதே?

முரணில்லை. முந்தையது நெரிசலான உருகலில் இருக்கும் சங்கிலி. இது கரைசலில் தனியாக இருக்கும் சங்கிலி. உருகலில் சுற்றிலும் அதே சங்கிலிகள் நிறைந்திருப்பதால், தன்னைத் தானே தவிர்க்க வேண்டிய தேவை ரத்தாகிவிடுகிறது. தனிச் சங்கிலிக்கு அந்தச் சலுகை கிடையாது. குழாய்க்குள் போனதும் தன் மேல் தான் படியாமல் இருக்க நீண்டாக வேண்டும்.

இதற்கு இயற்பியலாளர் டி ஜென் தந்த விளக்கம் அழகானது. குழாயின் விட்டத்துக்குள் அடங்கும் துண்டுவரை சங்கிலி சுவரை உணர்வதே இல்லை. அந்த அளவுள்ள துண்டுகள் உருண்டைகளாக வரிசையில் நிற்கின்றன. நீளம் வேண்டுமா? உருண்டைகளை எண்ணுங்கள். அடைப்பதற்கான ஆற்றல் வேண்டுமா? ஓர் உருண்டைக்கு ஏறத்தாழ ஒரு வெப்ப ஆற்றல், அதாவது போல்ட்ஸ்மன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கியது. குழாய் பாதியாகக் குறுகினால் இந்த ஆற்றல் மூன்று மடங்குக்கு மேல் கூடும், அடுக்கு 5/3.

குழாய் இன்னும் குறுகினால் இந்தப் படமும் உடையும். டி.என்.ஏ. விறைப்பான மூலக்கூறு, ஏறத்தாழ 50 நானோமீட்டர்வரை வளைய மறுக்கும். வாய்க்காலின் அகலம் அதற்கும் கீழே போனால் உருண்டை உருவாக இடமே இல்லை. டி.என்.ஏ. சுவருக்குச் சுவர் லேசாக விலகி விலகி, கிட்டத்தட்ட நேராகச் செல்லும். இந்த நிலையை 1983-இல் ஓடைக் விளக்கினார். லாம்டா வைரஸின் டி.என்.ஏ.யில் 48,502 கார இணைகள். முழு நீளம் 16 மைக்ரானுக்குச் சற்று மேல். தண்ணீரில் விட்டால் ஓரிரு மைக்ரான் அகலத்தில் சுருண்டு மிதக்கும். நானோ வாய்க்காலில் நுழைத்தால் தன் நீளத்தின் பெரும்பகுதிக்கு விரியும். மரபணு வரைபடம் எடுக்கும் கருவிகள் இதைத்தான் பயன்படுத்துகின்றன: டி.என்.ஏ.வை விரித்து, ஒளிரும் அடையாளப் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்கின்றன.

ஒரே குழாயில் இரண்டு சங்கிலிகளை விட்டால்?

பிரிந்துவிடும். அகன்ற இடத்தில் இரண்டு சுருள்கள் பெரிய இழப்பில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கலந்திருக்கும். குழாயில் அப்படிக் கலந்திருப்பது என்ட்ரோபிக் கணக்கில் பெரும் நஷ்டம். ஆகவே தள்ளிவிட யாரும் இல்லாமலே ஒன்று இந்த முனைக்கும் மற்றது அந்த முனைக்கும் போகும். ஏறத்தாழ 2 மைக்ரான் நீளமுள்ள ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் ஒன்றரை மில்லிமீட்டர் நீள டி.என்.ஏ. இருக்கிறது. அது இரட்டித்த பிறகு இரண்டு பிரதிகளும் பிரிவதற்கு இந்த விலக்கமே உதவக்கூடும் என்று 2006-இல் ஜுனும் மல்டரும் வாதிட்டார்கள். செல்லுக்குள் புரதங்களின் பங்கும் உண்டு. என்ட்ரோபி ஒன்றே எல்லாம் செய்கிறது என்று நான் சொல்ல மாட்டேன்.

வைரஸ் தலைக்குள் டி.என்.ஏ. அடைபட்டிருப்பதும் இதே கணக்கா?

இல்லை. ஃபை 29 என்ற வைரஸ் 6.6 மைக்ரான் டி.என்.ஏ.வை 42-க்கு 54 நானோமீட்டர் கூட்டுக்குள் திணிக்கிறது. திணிக்கும் புரத மோட்டார் சுமார் 57 பிக்கோநியூட்டன் விசைவரை தரும் என்று 2001-இல் அளந்தார்கள். அவ்வளவு விசை தேவைப்படுவது என்ட்ரோபியை மீற மட்டுமல்ல. டி.என்.ஏ.வை வளைக்கும் செலவும், எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதுமே அங்கே பெரியவை.

இடம் குறைந்தால் அசைவும் குறைய வேண்டாமா?

வேண்டியதில்லை. நெருக்கடியின் அளவைவிட, எல்லையில் என்ன இருக்கிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

பாலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கண்ணாடி போல இறுகும். இதுதான் அதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை. 1994-இல் கெடி, ஜோன்ஸ், கோரி மூவரும் சிலிக்கான் தகட்டின் மேல் பூசிய பாலிஸ்டைரீன் படலங்களை அளந்தார்கள். சுமார் 40 நானோமீட்டருக்குக் கீழே இந்த வெப்பநிலை சரியத் தொடங்கியது; 10 நானோமீட்டரில் சரிவு ஏறத்தாழ 25 டிகிரி. இரண்டு ஆண்டுகளில் ஃபாரஸ்ட், டட்சர் குழுவினர் தகடே இல்லாமல் அந்தரத்தில் நிற்கும் படலங்களை அளந்தபோது சரிவு 70 டிகிரிவரை போனது. இடம் குறையக் குறைய அசைவு எளிதாகியது.

காரணம் மேற்பரப்பு. பீச்–தாம்பரம் மின்சார ரயிலில் மாலை நெரிசலில் நடுவில் நிற்பவர் திரும்பக்கூட முடியாது. படியில் தொங்குபவருக்கு ஒரு பக்கம் வெறும் காற்று. பாலிமரின் மேற்பரப்பில் இருக்கும் துண்டுகளுக்கும் ஒரு பக்கத்தில் அண்டை அயல் இல்லை. அவை எளிதாக அசைகின்றன. அந்தத் தளர்ச்சி உள்ளேயும் சில நானோமீட்டர் ஊடுருவுகிறது. படலம் தடிமனாக இருந்தால் இது கணக்கில் வராது. 10 நானோமீட்டர் படலத்தில் கணிசமான பகுதியே மேற்பரப்பாகிவிடுகிறது. இருபுறமும் காற்று இருந்தால் விளைவு இன்னும் பெரிது.

மேற்பரப்பு உண்மையிலேயே தளர்ந்திருக்கிறதா என்பதை ஃபக்ராயும் ஃபாரஸ்டும் 2008-இல் காட்டிய முறை எனக்கு மிகவும் பிடித்தது. பாலிஸ்டைரீன் மேல் நானோ அளவுத் தங்கக் குண்டுகளைத் தூவி, கொஞ்சம் பதியவிட்டார்கள். பிறகு பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்து எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது சில நானோமீட்டர் ஆழமுள்ள குழிகள். அணுவிசை நுண்ணோக்கியில் அந்தக் குழிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். உள்ளே கல்லாக இறுகியிருக்க வேண்டிய வெப்பநிலையிலும், அறை வெப்பநிலைக்குக் குறைவான குளிரிலும்கூட, குழிகள் மெல்ல நிரம்பின.

சுவர் பாலிமரைப் பிடித்துக்கொண்டால்?

கதை தலைகீழாகும். அக்ரிலிக் பலகை செய்யப் பயன்படும் பி.எம்.எம்.ஏ.வைச் சிலிக்கான் ஆக்ஸைடு மேல் பூசினால், அதன் எஸ்டர் பகுதிகள் ஆக்ஸைடின் ஹைட்ராக்சில் தொகுதிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளும். படலம் மெலியும்போது கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை இறங்காமல் சற்றே ஏறும். அதே பி.எம்.எம்.ஏ.வைத் தங்கத்தின் மேல் பூசினால் இறங்கும். தடிமனை மட்டும் சொல்லிவிட்டு, எதன் மேல் பூசினோம் என்பதைச் சொல்லாத தகவல் பயனற்றது.

உருகி ஓடுவதும் எளிதாகுமா?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். ‘அசைவு’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. சங்கிலியின் சில அலகுகள் நின்ற இடத்தில் நெளிவது ஒன்று. கண்ணாடி நிலைமாற்றம் அதைச் சேர்ந்தது. முழுச் சங்கிலியும் இடம்பெயர்வது மற்றொன்று; பாகுத்தன்மை, அதாவது ஓட்டத்துக்கான தடை, அதைச் சேர்ந்தது. முதலாவது வேகமானால் இரண்டாவதும் அதே அளவு வேகமாகும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நீண்ட சங்கிலி அண்டைச் சங்கிலிகளின் சிக்கலுக்குள் பாம்பு போல ஊர்ந்துதான் நகர முடியும் என்பது 1971-இல் டி ஜென் சொன்னது. சிக்கல் அதிகமென்றால் பாகுத்தன்மை மூலக்கூறு எடையின் 3.4-ஆவது அடுக்கில் எகிறும். நெருக்கடியில் சிக்கல்கள் குறையும் என்று மேலே சொன்னேன் அல்லவா? 2007-இல் ரசல் குழுவினர் பாலிஸ்டைரீனைச் சுமார் 15 நானோமீட்டர் விட்டமுள்ள அலுமினாத் துளைகளுக்குள் ஏறவிட்டு, எக்ஸ்-கதிர் சிதறலில் அதன் வேகத்தை அளந்தார்கள். எதிர்பார்த்ததைவிட வேகமாக அது ஏறியது. மூலக்கூறு எடை கூடினாலும் வேகம் பெரிதாகக் குறையவில்லை. சிக்கல் தளர்ந்ததற்கு இது நல்ல சான்று.

அதே துளைச் சுவரில் பாலிமர் இறுகப் படிந்துவிட்டால், அந்தப் படிவு துளையையே குறுக்கி ஓட்டத்தைத் தடுக்கும்.

டயர் ஆலையில் வேலை செய்கிறேன். எனக்கு இதில் என்ன இருக்கிறது?

எம்.ஆர்.எஃப். 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கூடமாகத் தொடங்கியது. பலூனின் ரப்பர் தாராளமான இடத்தில் இருக்கும் ரப்பர். டயர் ரப்பர் அப்படியல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

100 கிராம் ரப்பருக்கு 50 கிராம் கார்பன் பிளாக் என்ற நுண் கரித்தூள், என் 330 வகை. அதன் மேற்பரப்பு கிராமுக்குச் சுமார் 78 சதுர மீட்டர். மொத்தம் 3,900 சதுர மீட்டர். 100 கிராம் ரப்பரின் கனஅளவு சுமார் 109 கன சென்டிமீட்டர். இதை அந்த மேற்பரப்பு முழுவதும் சமமாகப் பூசினால் வருவது 28 நானோமீட்டர் தடிமன். கையில் தூக்க முடியாத லாரி டயர் என்றாலும், அதில் உள்ள ரப்பர் ஏதோ ஒரு சுவரிலிருந்து சில பத்து நானோமீட்டருக்குள்தான் இருக்கிறது. மெல்லிய படலங்களில் அளந்த எல்லாமே இங்கே வேலை செய்யக் காத்திருக்கின்றன.

கையால் தொட்டுப் பார்க்கும் சான்று வேண்டுமானால் பவுண்ட் ரப்பர் சோதனை இருக்கிறது. வல்கனைஸ் செய்யாத, அதாவது சங்கிலிகளை இன்னும் பிணைக்காத, ரப்பர் கலவையை (கம்பவுண்டை) சிறு துண்டுகளாக வெட்டி, எடை போட்டு, எஃகு வலைக் கூட்டில் போட்டு டொலுயினில் நாட்கணக்கில் ஊறவைப்பார்கள். இடையில் டொலுயினை மாற்றுவார்கள். வெறும் ரப்பர் என்றால் முழுவதும் கரைந்து போயிருக்கும். கார்பன் பிளாக் கலந்ததில் ஊதிப் பெருத்த கருப்புக் களி ஒன்று வலையில் மிஞ்சும். உலர்த்தி எடை போட்டு, கார்பன் பிளாக்கின் எடையைக் கழித்தால், கரைய மறுத்த ரப்பர் எவ்வளவு என்று தெரியும். அதுதான் துகள் பிடித்துவைத்திருக்கும் ரப்பர். துகளுக்கு மிக அருகில் இருக்கும் அடுக்கில் சங்கிலித் துண்டுகளின் அசைவு குறைந்திருப்பதை அணுக்கரு காந்த ஒத்ததிர்வு அளவீடுகளும் காட்டுகின்றன.

ரப்பரை நெளித்து விறைப்பை அளக்கும் ஆர்.பி.ஏ. கருவியில் நீங்கள் பார்க்கும் பெய்ன் விளைவுக்கும் இதற்கும் தொடர்புண்டு. மிகச் சிறிய திரிபில் (நெளிவில்) கம்பவுண்ட் விறைப்பாக இருக்கும். திரிபு சில விழுக்காடு ஆவதற்குள் அந்த விறைப்பு சரியும். துகள்கள் ஒன்றோடொன்று கோத்த வலை உடைவதே காரணம் என்பது பழைய விளக்கம். நெருங்கிய இரு துகள்களுக்கு நடுவே சிக்கிய இறுகிய ரப்பர் பாலங்கள் தளர்வதே காரணம் என்பது இன்னொன்று. வெப்பம் ஏறினால் பெய்ன் விளைவு குறைவதைப் பார்க்கும்போது, இரண்டாவதற்கு உரிய இடம் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. சிலிக்கா கம்பவுண்டில் துகளையும் ரப்பரையும் இணைக்கும் சிலேன் சேர்ப்பதும் நானோமீட்டர் அளவில் சுவரின் குணத்தை மாற்றும் வேலைதான். டயரின் உருளல் தடை குறைவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அடைபட்ட பாலிமர் படிகமாகுமா?

ஆகும், ஆனால் தன் போக்கில் அல்ல. பாலிஎதிலீன் ஆக்ஸைடைப் பெரிய கட்டியாகக் குளிர்வித்தால், எங்கோ ஒரு தூசியில் படிகம் தொடங்கி முழுவதும் பரவும். அதையே நுண்துளிகளாகப் பிரித்துவிட்டால் பெரும்பாலான துளிகளில் தூசி இருக்காது. அறை வெப்பநிலையிலும் உறையாமல் திரவமாகவே நிற்கும்.

படலத்தில் வேறு வேடிக்கை. 2009-இல் பேர், ஹில்ட்னர் குழுவினர் இதே பாலிமரை 20 நானோமீட்டர் அடுக்குகளாக வேறொரு பிளாஸ்டிக்கோடு மாற்றி மாற்றி அடுக்கினார்கள். கோளவடிவில் வளர இடமில்லாத படிகங்கள் அடுக்கின் போக்கிலேயே தட்டையான பெரிய தகடுகளாகப் படுத்துவிட்டன. ஆக்ஸிஜன் ஊடுருவல் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைந்தது. பாலிமரை மாற்றவில்லை, ரசாயனம் சேர்க்கவில்லை. உணவுப் பொட்டல உறை செய்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

ராமச்சந்திரன் வரைபடமும் இடநெருக்கடி சார்ந்ததுதானே?

ஒரு வகையில் ஆம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-இல் காட்டியது, புரதச் சங்கிலியின் இரண்டு கோணங்களில் பெரும்பாலான சேர்க்கைகள் நடக்கவே முடியாதவை என்பதை. அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும். ஆனால் அந்த நெருக்கடி சங்கிலிக்குள்ளேயே இருப்பது. வெளிச்சுவர் எதுவும் அதில் இல்லை.

சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜி.பி.சி. கருவியில் பெரிய சங்கிலி ஏன் முதலில் வருகிறது?

கருவியில் நிரப்பிய மணிகளின் சிறு துளைக்குள் நுழைவதற்குப் பெரிய சுருள் அதிக என்ட்ரோபியை இழக்க வேண்டும். அதனால் நுழையாமல் நேரே வெளியேறிவிடும். சிறியது துளைதோறும் நுழைந்து தாமதமாக வரும்.

கல்லூரி ஆய்வகத்தில் இதைச் செய்து பார்க்கலாமா?

படலம் பூசுவது எளிது. பாலிஸ்டைரீனை டொலுயினில் கரைத்து, சிலிக்கான் தகட்டில் ஊற்றி, நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்றில் சுழற்றினால் போதும். கரைசல் நீர்க்க நீர்க்கப் படலம் மெலியும். தடிமனுக்கும் நிலைமாற்றத்துக்கும், படலத்தை ஒளியால் அளக்கும் எலிப்சோமீட்டரும், வெப்ப மேடையும் வேண்டும்.

சென்னைக் காற்றுக்கென்று ஒரு தொல்லை உண்டு. சீக்கிரம் ஆவியாகும் குளோரோஃபார்ம் போன்ற கரைப்பானை எடுத்தால், ஆவியாதலில் மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் துளிகளாகப் படியும். படலம் பால் போல வெளுத்து, நுண்ணோக்கியில் தேன்கூடு மாதிரித் தெரியும். டொலுயின் நல்லது, உலர்ந்த நைட்ரஜன் இன்னும் நல்லது. அடுத்தது, எஞ்சிய கரைப்பான். சில விழுக்காடு தங்கிவிட்டாலே கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை நன்றாக இறங்கும். அதை நெருக்கடியின் விளைவு என்று நினைத்துவிடுவார்கள். வெற்றிடத்தில் சூடாக்கி அதை விரட்ட வேண்டும். அளவு மீறிச் சூடாக்கினாலோ மெல்லிய படலம் சிலிக்கானை விட்டு விலகி, ஓட்டை ஓட்டையாகப் பிரிந்துவிடும்.

சங்கிலியின் வடிவத்தை அளக்க நியூட்ரான் சிதறல் வேண்டும்; அதற்கு மும்பையில் துருவா உலை இருக்கிறது. பக்கத்தில் கல்பாக்கத்தில் உள்ள காமினி சிறிய உலை. அது நியூட்ரான் படமெடுப்புக்கு ஏற்றது.

கணினி உருவகப்படுத்தல் போதாதா?

வடிவத்துக்குப் போதும். மணிகளும் வில்களும் கோத்த மாதிரி ஒன்றை எழுதி, இரு சுவர்களுக்கு நடுவே ஓடவிட்டால் சில்பர்பெர்க் சொன்னதை மேசைக் கணினியிலேயே பார்த்துவிடலாம்.

அசைவுக்குப் போதாது. கணினியில் குளிர்விக்கும் வேகம் விநாடிக்குக் கோடிக்கணக்கான டிகிரி. ஆய்வகத்தில் நிமிடத்துக்குச் சில டிகிரி. இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல. ஃபக்ராயும் ஃபாரஸ்டும் 2005-இல் பாலிஸ்டைரீன் படலங்களை வெவ்வேறு வேகத்தில் குளிர்வித்தார்கள். மெதுவாகக் குளிர்வித்தபோது மெல்லிய படலத்தில் பெரிய சரிவு தெரிந்தது. நிமிடத்துக்கு 90 டிகிரிக்கு மேல் போனபோது சரிவே காணாமல் போனது. மேற்பரப்பின் தளர்ச்சி உள்ளே எட்டுவதற்கு நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் எல்லாப் படலமும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு படலத்தின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையை யாராவது உங்களிடம் சொன்னால் தடிமன், அடித்தளம், குளிர்வித்த வேகம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்த எண்ணை வேறொன்றோடு ஒப்பிட வேண்டாம்.